ராமர் பாலத்தை ஜப்பான்காரர் வரையலாமா? ராமநாதபுரத்திலிருந்து ஒரு பதில்

2025 ஜனவரி 24-ஆம் தேதி இந்தியத் திரையரங்குகளுக்கு ஒரு பழைய அனிமே படம் வந்தது. பழையது என்றால் 30 வருஷத்துக்கும் மேல் பழசு. பெயர் 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா'. 4கே தரத்துக்குத் துலக்கி, ஆங்கிலத்தோடு தமிழ், தெலுங்கு, இந்தியிலும் வெளியிட்டார்கள். அதே வருஷம் செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்' வந்தபோது இருந்த பரபரப்பு இதற்கு இல்லை. ஆனால் வந்து போன பிறகும் இதைப் பற்றிய பேச்சு ஓயவில்லை.

படம் பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று விதமான பதில்தான் வரும். "சின்ன வயசுல டிவில பார்த்தது, அப்படியே அழுதுட்டேன்" என்பது முதல் வகை. "ஆதிபுருஷுக்கு இது எவ்வளவோ தேவலை" என்பது இரண்டாவது. "நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்ம கதையை ஒரு ஜப்பான்காரர் வந்து எடுக்கணுமா?" என்பது மூன்றாவது.

முதல் இரண்டையும் விட்டுவிடலாம். பழைய ஞாபகத்தோடு யாரும் வாதாட முடியாது. 2023 ஜூனில் வந்த 'ஆதிபுருஷ்' வாங்கிய அடி ஊரறிந்தது. அதைவிட மேல் என்று சொல்வது எந்தப் படத்துக்கும் பெரிய பாராட்டு இல்லை. மூன்றாவது கேள்விதான் கொஞ்சம் வில்லங்கமானது. அதை ராமநாதபுரம் பக்கத்தில் நின்று கேட்டால் பதில் வேறு மாதிரி வருகிறது. படத்தின் பின்பாதியில் வானர சேனை வந்து நிற்கிற கடற்கரை, மரபுப்படி நம்முடைய சேதுக்கரையும் தனுஷ்கோடியும்தானே?

யார் இந்த யூகோ சாகோ?

படத்தின் மூலகர்த்தா யூகோ சாகோ அடிப்படையில் ஆவணப்பட ஆள். தொல்லியல் அறிஞர் பி.பி.லால் அலகாபாத் அருகே அகழாய்வு நடத்திக்கொண்டிருந்தார். அதைப் படமெடுக்க 1983-இல் சாகோ இந்தியா வந்தார். அந்த வேலையில்தான் ராமாயணம் அவருக்கு நெருக்கமானது. ஊர் திரும்பியதும் ஜப்பானிய மொழியில் கிடைத்த ராமாயணங்களைத் தேடித்தேடிப் படித்திருக்கிறார்.

இதற்கிடையில் ஒரு கூத்து. அவர் எடுத்துக்கொண்டிருந்த ஆவணப்படம் பற்றி ஓர் ஆங்கில நாளிதழில் செய்தி வந்தது. அதை வேறு மாதிரி புரிந்துகொண்ட விஸ்வ இந்து பரிஷத், டெல்லியில் உள்ள ஜப்பான் தூதரகத்துக்கு எதிர்ப்புக் கடிதம் அனுப்பியது. ராமாயணம் இந்தியாவின் பாரம்பரியச் சொத்து, வெளிநாட்டுக்காரர் இஷ்டத்துக்குப் படமாக்க முடியாது என்பது கடிதத்தின் சாரம். சாகோ விளக்கம் சொல்லி அதைச் சரிசெய்தார். பிறகுதான், ஆவணப்படத்தோடு நிற்காமல் முழு ராமாயணத்தையும் அனிமேஷனாகவே எடுக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார். ராமர் கடவுள், ஒரு நடிகரின் முகத்தில் அவரைக் காட்டுவதைவிடச் சித்திரத்தில் காட்டுவதுதான் பொருத்தம் என்பது அவர் சொன்ன காரணம்.

யோசித்துப் பாருங்கள், இது நம்மூர்க் காரணம். காலண்டர் படத்தில் இருக்கிற ராமரை நாம் யாரும் "இது எந்த நடிகர்?" என்று கேட்பதில்லை.

ஆனால் டெல்லியில் இது எடுபடவில்லை. இவ்வளவு உணர்வுபூர்வமான விஷயத்தை 'கார்ட்டூன்' ஆக்குவதா என்ற தயக்கம். கார்ட்டூன் என்றால் சிறுபிள்ளை விளையாட்டு என்ற எண்ணம் அப்போது இங்கே பலமாக இருந்தது. இன்றைக்கும் "இந்த வயசுல பொம்மைப் படம் பார்க்கிறியா?" என்று வீட்டில் கேட்பதை அனிமே பார்க்கிற யாரும் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. கடைசியில் வேலை ஜப்பானில் நடந்தது. 1990-இல் தயாரிப்பு தொடங்கியது. சுமார் 450 கலைஞர்கள், ஏறத்தாழ ஒரு லட்சம் கைச்சித்திரங்கள். சாகோவோடு கோயிச்சி சாசாகியும் நம் ராம் மோகனும் இயக்கினார்கள். இந்திய அனிமேஷனின் முன்னோடி என்று சொல்லப்படுகிறவர் ராம் மோகன். வேட்டி மடிப்பு எப்படி விழும், கைகூப்பும்போது தலை எவ்வளவு சாயும் என்பதையெல்லாம் இந்தியக் கலைஞர்கள் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

1993 ஜனவரியில் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்டது. அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நாடு இருந்த நிலையில் இந்தப் படத்தை ஊர் ஊராகக் கொண்டுபோக வழியில்லை. பிறகு டிவியில் வந்தது, ஒரு தலைமுறைக் குழந்தைகள் அங்கேதான் பார்த்தார்கள். சாகோ 2012-இல் காலமானார், ராம் மோகன் 2019-இல். 2025 வெளியீட்டைப் பார்க்க இருவரும் இல்லை.

சரி, படம் எப்படி?

135 நிமிடம். இன்றைய அனிமே வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு முதல் முக்கால் மணி நேரம் மெதுவாகத்தான் போகும். சில முகங்கள் உணர்ச்சி இல்லாமல் நிற்கின்றன என்ற குறையும் நியாயமானதே. ஆனால் பின்னணி ஓவியங்கள்? காடும் மலையும் வானமும் அத்தனை அழகு. இதெல்லாம் செல்லுலாய்டு தாளில் ஒவ்வொன்றாகக் கையால் தீட்டி, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து, ஒவ்வொரு பிரேமாகக் கேமராவில் பிடித்தவை. தவறு நடந்தால் 'அண்டு' பட்டன் கிடையாது. மியாசாகியின் 'நௌசிகா' படத்தில் அனிமேஷன் இயக்குநராக இருந்த கசுவோ கோமாட்சுபாரா இதில் பாத்திர வடிவமைப்பில் இருந்தார். அந்தப் படம் பார்த்தவர்களுக்கு சில முகச்சாயல்கள் பழகியதாகத் தோன்றினால் காரணம் அதுதான். இசை வனராஜ் பாட்டியா. ஷியாம் பெனகல் படங்களால் நாம் அறிந்தவர்.

நமக்குப் பிடித்தது வேறு ஒன்று. இந்தப் படம் போரைக் கொண்டாடவில்லை. சாவைச் சாவாகவே காட்டுகிறது. ஜெயித்தவர் முகத்திலும் களைப்பு தெரிகிறது. ஒரு ராமர் படத்தில் சிக்ஸ் பேக்கும் ஸ்லோமோஷன் கர்ஜனையும் இல்லாமல் இருப்பதே இப்போது ஒரு நிம்மதி.

கடற்கரைக் காட்சிக்கு வருவோம். வால்மீகியில் பாலம் கட்டியது ஐந்து நாள் வேலை. முதல் நாள் 14 யோசனை, அடுத்தடுத்த நாட்களில் 20, 21, 22, 23. கூட்டினால் சரியாக 100 யோசனை. சைட் இன்ஜினீயர் கொடுக்கிற டெய்லி ரிப்போர்ட் மாதிரி இருக்கிறதா? வால்மீகியைப் பொறுத்தவரை பாலம் ஒரு மந்திரம் இல்லை, உழைப்பு. நளன் என்ற ஒரு வேலைக்காரன், கல்லும் மரமும், ஏராளமான கைகள். படமும் அப்படியே எடுத்துக்கொள்கிறது. கல் சுமக்கிற வானரங்களைப் பார்க்கும்போது பக்தி இல்லாதவருக்கும் ஒரு உற்சாகம் வரும். (கல் மிதந்த கதை வேறு. ராமேஸ்வரத்தில் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காட்டுகிற கற்கள் உள்ளே காற்றுத் துளைகள் நிறைந்த பவளக் கல் வகை. அதனால்தான் மிதக்கின்றன.)

இந்தப் பக்கத்து ஆட்கள் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். படத்தில் கடல் ஒன்றுதான். நமக்கு இரண்டு. தனுஷ்கோடிக்குப் போகிற சாலையில் ஒரு பக்கம் பாக் நீரிணை, அலை அடங்கிய பெண் கடல். இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா, இரைகிற ஆண் கடல். அரிச்சல்முனையில் இரண்டும் சேரும். 1964 டிசம்பர் புயலில் ஒரு ரயிலையே கொண்டுபோன கடல் இது. டோக்கியோவில் உட்கார்ந்து வரைந்தவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க நியாயமில்லை. அதேபோல, கடலரசனிடம் வழி கேட்டு ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்திருந்ததாகத் திருப்புல்லாணி கோயில் சொல்கிற கோலமும், சீதை மணலில் பிடித்த லிங்கம் என்று ராமேஸ்வரம் சொல்கிற கதையும் இந்தக் கரையின் சொத்து. மணல் லிங்கக் கதை புராணங்களின் வழி வந்தது, வால்மீகி அதை விரித்துச் சொல்லவில்லை. படம் வால்மீகியின் பாதையில் போகிறது. அதனால் "எங்க கோயிலைக் காணோமே" என்ற ராமேஸ்வரத்து ஏமாற்றம் புரிந்துகொள்ளக் கூடியதே. குற்றமாகச் சொல்ல முடியாது.

தமிழ் காதுக்கு என்ன பிரச்னை?

டப்பிங் பற்றிய புலம்பலைத் தனியாகச் சொல்லவேண்டும். படத்தின் மூல உரையாடல் ஆங்கிலம். வாயசைவும் அதற்கு ஏற்றதே. ஆங்கிலத்தில் மூன்று சொல்லில் முடிகிற வாக்கியம் தமிழில் வினைமுற்று வரும்வரை நீளும். அதை வாயசைவுக்குள் அடக்கப் பார்த்தால் வேகமாக ஒப்பிப்பது போல ஆகிவிடும். இது எல்லா தமிழ் டப்பிங் அனிமேக்கும் உள்ள தலைவலி. நருட்டோவோ டஞ்சிரோவோ பேசும்போது நாம் மன்னித்துவிடுகிறோம், ஏனென்றால் அவர்கள் தமிழில் எப்படிப் பேசவேண்டும் என்று நமக்கு முன்முடிவு இல்லை. ராமரும் ராவணனும் அப்படியா?

தமிழ்ப் பார்வையாளர் வெறுங்கையோடு வருவதில்லை. அவர் காதில் ஏற்கெனவே கம்பன் இருக்கிறான், பள்ளிக்கூடப் பாடத்தில் படித்த அளவுக்காவது. 1958-இல் வந்த 'சம்பூர்ண ராமாயணம்' இருக்கிறது, அதில் டி.கே.பகவதியின் ராவணன் இசை அறிந்த, கம்பீரமான மன்னன். இன்னொரு பக்கம், ராவணனையே நாயகனாக்கிய புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946-இல் வந்து, 1948-இல் தடைசெய்யப்பட்டு, 1971-இல் தடை நீங்கிய வரலாறும் இருக்கிறது. எம்.ஆர்.ராதா மேடையில் ராமாயணத்தைக் கிழித்த ஊர் இது. ராமரைக் கும்பிடுகிறவருக்கும் கேள்வி கேட்கிறவருக்கும் தமிழ்நாட்டில் ராவணன் சாதாரண வில்லன் இல்லை. வடக்கே போதுமானதாகத் தெரிகிற ஒரு ராவணன் இங்கே தட்டையாகத் தெரிவது அதனால்தான்.

எனவே இந்தப் படத்தின் மேல் வைக்க வேண்டிய நியாயமான தமிழ்ப் புகார், ஜப்பான்காரர் எடுத்தார் என்பதல்ல. ராமாயணத்தை ஆயிரம் வருஷமாகச் சொந்த மொழியில் செதுக்கி வைத்திருக்கிற ஒரு சமூகத்துக்குக் கொண்டுவரும்போது, தமிழ் வசனத்தைப் பட்டியலில் இன்னொரு மொழியாக மட்டும் நினைக்கக் கூடாது. கம்பனைப் படித்த ஒருவரை உட்காரவைத்து எழுதவேண்டிய வேலை அது. அடுத்த ராமாயணப் படத்தைத் தமிழில் கொண்டுவரப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

நம்ம கதை என்றால், யார் அந்த 'நம்ம'?

அப்துல் கலாம் தன் 'அக்னிச் சிறகுகள்' நூலில் ராமேஸ்வரத்துச் சிறுவயதைச் சொல்கிறார். சீதா கல்யாண உற்சவத்தில் சுவாமி சிலைகளை ராம தீர்த்தத்தின் நடுவே கொண்டுசெல்லப் படகு ஏற்பாடு செய்தது அவருடைய குடும்பம். ராமாயணக் கதைகளும் நபிகளின் வாழ்க்கைச் சம்பவங்களும் அவர் வீட்டில் பாட்டியும் அம்மாவும் பிள்ளைகளுக்குச் சொன்ன இரவுக் கதைகள். அவருடைய அப்பா ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் யாத்ரீகர்களைப் படகில் ஏற்றிச் சென்றவர். அதாவது, சேதுவுக்கு வருகிற பக்தரைக் கரை சேர்த்தது ஒரு மரைக்காயர் படகு. இந்தக் கடற்கரையில் ராமாயணத்தின் 'ஓனர்ஷிப்' எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

அக்கரையிலும் கதை இதுதான். ராமநாதபுரத்து மன்னர்களின் பட்டமே சேதுபதி, சேதுவின் காவலர். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளும் தங்கள் காசில் 'சேது' என்று பொறித்தார்கள். ஒரே பாலத்தின் பெயரை இரண்டு கரைக்காரர்களும் சொந்தம் கொண்டாடியிருக்கிறார்கள். யாருடையது என்று கேட்டால் இருவருக்கும் கோபம் வந்திருக்கும்.

ஆந்திராவிலிருந்து வந்த என்.டி.ஆரை 'சம்பூர்ண ராமாயண'த்தில் ராமராக ஏற்றுக்கொண்டவர்கள் நாம். 1998-இல் 'முத்து' ஜப்பானில் ஓடோ ஓடென்று ஓடியபோது, ரஜினி ஸ்டைலை ஜப்பானியர்கள் அச்சு அசலாகச் செய்து காட்டினார்கள். நமக்குப் பெருமையாகத்தானே இருந்தது? அந்தப் பக்கம் போகிற கதைக்குக் கைதட்டுவோம், அந்தப் பக்கத்திலிருந்து வருகிற கதையிடம் மட்டும் ஐடி கார்டு கேட்போம் என்பது சரியா?

நம்மாட்கள் ஏன் வரையவில்லை?

"சரி, ஆனா ஜப்பான்காரங்க வரைஞ்ச அளவுக்கு நம்மாளுங்க ஏன் வரையல?" இதுவும் அடிக்கடி வருகிற கேள்வி. பாதி ஆதங்கம், பாதி குற்றச்சாட்டு. ராமநாதபுரத்துக்காரர் இதைக் கேட்டால் மட்டும் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

ராமநாதபுரம் அரண்மனை வளாகத்தில் ராமலிங்க விலாசம் இருக்கிறது. கிழவன் சேதுபதி காலத்தில் கட்டியது. உள்ளே சுவரிலும் விதானத்திலும் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டிய ஓவியங்கள். தஞ்சாவூர் மராட்டியரோடு சேதுபதி நடத்திய போர் இருக்கிறது. அரசரைச் சந்திக்கிற ஐரோப்பியர்கள் இருக்கிறார்கள். பாகவதக் காட்சிகள் இருக்கின்றன. ராமாயணத்தின் பால காண்டமும் இருக்கிறது. பட்டை பட்டையாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு அடுத்த கட்டம் கதை நகர்கிற மாதிரி, என்ன நடக்கிறது என்று தமிழிலேயே குறிப்பு எழுதி வரைந்திருக்கிறார்கள். மங்கா படித்துப் பழகிய ஒருவருக்கு அதைப் பார்க்கக் கற்றுத்தரவே வேண்டாம். கண் தானாகக் கட்டம் விட்டுக் கட்டம் போகும். சாகோ குழு டோக்கியோவில் தூரிகை எடுப்பதற்கு 270 வருஷம் முன்பே நம்மூரில் ஒருவர் ராமரை பிரேம் பிரேமாக வரைந்துவிட்டார். பெயர்கூட நமக்குத் தெரியாது.

அதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? 2025 ஏப்ரல் 6, ராம நவமி அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. 2022 டிசம்பரிலிருந்து நின்றிருந்த தீவுக்கான ரயில் திரும்ப ஓடுகிறது. ரயிலில் வருகிறவர்கள் ராமநாதபுரம் ஸ்டேஷனில் இறங்குவதில்லை. நேரே ராமேஸ்வரம், 22 தீர்த்தம், தனுஷ்கோடியில் ஒரு ரீல்ஸ், திரும்ப ரயில். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற ராமநாதபுரத்துப் பிள்ளைகளிடம் கேட்டால், அரண்மனை வாசல் வழியாக ஆயிரம் தடவை போயிருப்பார்கள். உள்ளே? "ஸ்கூல்ல ஒரு தடவை கூட்டிட்டுப் போனாங்கன்னு நினைக்கிறேன்."

மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது அந்த இடம். 1992-இல் முடித்த படத்தின் பிலிமை ஒவ்வொரு பிரேமாக 4கே-வில் துலக்க முடிந்திருக்கிறது. அதே கவனத்தோடு இந்தச் சுவர்களை உயர்தரத்தில் படம்பிடித்து, தமிழ்க் குறிப்புகளைப் படித்து எழுதி, போனில் கட்டம் கட்டமாகத் தள்ளிப் பார்க்கிற மாதிரி வைப்பதற்கு ஒரு சினிமா பட்ஜெட் தேவையில்லை. அனிமேஷன் படிக்கிற நம் மாணவர்கள் ஜப்பானிய ஸ்டைலைக் காப்பியடிப்பதற்கு முன்னால் அந்தப் பால காண்டத்தில் ஒரு காட்சியையாவது அசையவைத்துப் பார்க்கலாம். மூக்கும் கண்ணும் ஆடை மடிப்பும் அங்கே தனி மாதிரி. கோமாட்சுபாரா அதைப் பார்த்திருந்தால் படத்து ராமர் வேறு முகத்தோடு வந்திருப்பாரோ என்னவோ.

அடுத்த தடவை பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது, படத்தைப் பார்த்துவிட்டு அரண்மனைக்கு ஒரு நடை போய் வாருங்கள். தூரத்தில் நின்றால் வண்ணம் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு கட்டத்திலும் தமிழ்க் குறிப்பு பொடி எழுத்தில் இருக்கும், கொஞ்சம் பக்கத்தில் போகவேண்டும்.